ஒரே ஓர் எண் போதுமா?

மாணவர்களே, மார்பகப் புற்றுநோய் எந்த நிலையில் உள்ளது என்பதை இரத்தப் பரிசோதனை மட்டுமே சொல்லிவிடுமா?

மார்பக உயிரணுக்களின் மேற்பரப்பில் ‘மியூசின் 1’ என்னும் புரதம் உண்டு. புற்றுநோய் உயிரணுக்கள் இதை மிகுதியாக உண்டாக்குவதால், அதன் துண்டுகள் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை அளப்பதே ‘சிஏ 15-3’ பரிசோதனை. பொதுவாக, மில்லிலிட்டருக்குச் சுமார் 30 அலகு வரை இயல்பான அளவு.

ஆனால், நோயின் தொடக்கத்தில் இந்த அளவு பெரும்பாலும் உயர்வதில்லை. கல்லீரல் நோய் இருந்தால், புற்றுநோய் இல்லாதவருக்கும் உயரலாம். ஆகவே, எண் குறைவாக இருக்கிறதென்று மார்பகத்தில் தென்படும் கட்டியை அலட்சியப்படுத்துவது ஆபத்து. எண் கூடியதும் புற்றுநோய்தான் என்று முடிவு செய்வதும் தவறு.

நோயின் நிலையை மருத்துவர்கள் முதன்மையாக மூன்றைக் கொண்டு கணிக்கிறார்கள்: கட்டியின் அளவு, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள், பிற உறுப்புகளுக்குப் பரவியிருத்தல். சிஏ 15-3 மிக உயர்ந்திருந்தால், எலும்பு, கல்லீரல் போன்றவற்றை ஸ்கேன் செய்து பார்க்க அது ஒரு துப்பு. பரவிய நோய்க்கான சிகிச்சை பலன் தருகிறதா என்று கண்காணிக்கவும் அது உதவுகிறது.

சிந்தித்துப் பாருங்கள்: சிகிச்சை பெறும் ஒருவரின் அளவுகள் அடுத்தடுத்து 90, 62, 38 என வருகின்றன. கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மூன்றையும் பார்ப்பவர் என்ன நினைப்பார்?