ஒருமையில் பேசுதல்

நுழையும்முன்

எண்ணிக்கையைக் குறிக்க இலக்கணம் அமைத்த சொல் ஒருமை. தமிழ் மக்களின் நாவில் அதுவே மரியாதைக் குறைவையும் குறிக்கிறது. ஒருவரை ஒருவராகச் சுட்டுவது எவ்வாறு அவரை இழிவுபடுத்துவதாகும்? அன்பும் பக்தியும் கையாளும் அதே சொல் வேறோர் இடத்தில் ஏன் காயப்படுத்துகிறது? மொழியின் வழக்கையும் மனிதரின் மாண்பையும் இணைத்துக் காட்டுகிறது இப்பாடம்.

முதலில் எழும் குறை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வட்டத்தின் தலைமையிடமாகவும் பேரூராட்சியாகவும் விளங்கும் இவ்வூரின் பேருந்து நிறுத்தத்திலோ தேநீர்க் கடையிலோ இருவரிடையே வாக்குவாதம் மூண்டால், விலக்கிவிட வருவோரிடம் ஒருவர் சொல்லும் முதற்குறை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: “வா, போன்னு ஒருமையில பேசுறாருங்க.” சண்டைக்குக் காரணமான பணமோ இடமோ பின்னுக்குப் போய்விடுகிறது, பேசிய முறை முன்னுக்கு வந்துவிடுகிறது.

இக்கூற்றை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குறை சொல்பவர், தம்மை ஒருமையில் பேசியவரையும் ‘பேசுறாரு’ எனப் பன்மை விகுதியாலேயே சுட்டுகிறார். தமக்கு மறுக்கப்பட்ட மரியாதையை மறுத்தவர்க்கும் வழங்குவதன் வாயிலாகத் தம் தரப்பின் நியாயத்தை அவர் நிலைநாட்டுகிறார்.

குறையைச் சுட்டும் சொற்கள்

பண்பற்ற பேச்சைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ‘மரியாதை’ என்பது வடமொழியில் எல்லை, வரம்பு என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது. எனவே மரியாதைக் குறைவு என்பது வரம்பு மீறுதலாகும். ‘இங்கிதம்’ என்பது குறிப்பு என்னும் பொருளுடையது. பிறர் முகக்குறிப்பை அறியாமல் பேசுவது இங்கிதமின்மை ஆயிற்று. சிறியோர் பெரியோர்முன் மிகையாகப் பேசினால் அது துடுக்கு. எதிரிலிருப்பவரின் கருத்தைக் கல்லைப் போலத் தூக்கி வீசிவிடுவது ‘எடுத்தெறிந்து பேசுதல்’.

மரியாதை என்னும் சொல்லே மரியாதையைக் கைவிடுவதற்கான எச்சரிக்கையாகவும் வழங்குவதுண்டு. “மரியாதையாகச் சொல்கிறேன்”, “மரியாதை கெட்டுவிடும்” என்னும் தொடர்களில் உள்ள மிரட்டலை உணராத தமிழர் இலர். பன்மையில் தொடங்கிய பேச்சு அடுத்த நொடியில் ஒருமைக்கு இறங்கப்போகிறது என்பதே அவற்றின் உட்பொருள்.

இலக்கணம் கண்ட நெறி

ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறும் வழக்கு மிகப் பழமையானது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதனை ‘உயர்சொற்கிளவி’ என வழங்குகிறார். இவ்வாறு கூறுதல் மக்கள் வழக்கினால் அமைந்ததேயன்றிச் சொல்லிலக்கண நெறியால் அமைந்தது அன்று என்பது அவர் கருத்து. ஒருவரை ஒருமையால் சுட்டுவதே இலக்கணம். பன்மையால் சுட்டுவது மக்கள் தாமே விரும்பிச் சேர்த்த மதிப்பு.

பிற்காலத்து இலக்கணநூலாகிய நன்னூல் இதனை மேலும் விரித்துரைக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருதல் வழுவமைதி என்கிறார் பவணந்தி முனிவர். செறல் என்பது சினம். மகிழ்ச்சியால் பசுவைப் பெண்ணாக்கிப் பேசுவதும், சினத்தால் மனிதனை மாடாக்கி ஏசுவதும் இலக்கண நோக்கில் அமைத்துக்கொள்ளத்தக்கனவே. ஆயின், இலக்கணம் அமைதி கூறிய இடத்திலெல்லாம் கேட்பவர் மனம் அமைதி கொள்வதில்லை.

தெரிந்து தெளிவோம்
பலரைக் குறித்த ‘அவர்’ என்னும் சொல், ஒருவரை மதித்துச் சுட்டும் சொல்லாயிற்று. அதனால் பலரைக் குறிக்கக் ‘கள்’ விகுதி சேர்த்து ‘அவர்கள்’ என வழங்கினர். பின்னர் அதுவும் ஒருவர் பெயருக்குப்பின் ‘தலைவர் அவர்கள்’ என மதிப்புச் சொல்லாக வரலாயிற்று.

ஒருமை உறுத்தாத இடங்கள்

ஒருமை எங்கும் இழிவைத் தருவதில்லை. தந்தையை ‘நீங்க’ என்று அழைக்கும் இல்லங்கள் பலவற்றில் தாய்க்கு ‘நீ’ என்னும் சொல்லே உரியது. நெடுநாள் நண்பன் திடீரென ‘வாங்க’ என்றால், ஏதோ மனத்தாங்கல் என்றே பொருள். புறநானூற்றுப் புலவர்கள் வேந்தரை ‘நீ’ என விளித்தனர். திருவண்ணாமலையோடு தொடர்புடைய அருணகிரிநாதர் முருகனையும், இரமணர் அருணாசலத்தையும் ஒருமையிலேயே அழைத்துப் பாடினர்.

பேச்சுவழக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. “அக்கா வந்துச்சு” என்று சொல்வதை இலக்கணம் திணைவழு என்னும். ஆயினும் ‘வந்தாள்’ என்பது கடுமையாகவும் ‘வந்தார்’ என்பது அயன்மையாகவும் ஒலிக்கும் இடத்தில், இரண்டிற்கும் இடைப்பட்ட பரிவை அவ்வடிவம் தருகிறது. ஆகவே ஒரு வடிவத்தை மட்டும் கொண்டு மரியாதையை அளந்துவிட இயலாது.

அவ்வாறாயின் அளவுகோல் எது? திருப்பிச் சொல்ல முடியுமா என்பதே அளவுகோல். நண்பர் இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்கின்றனர். அங்கே ஒருமை நெருக்கம். தாய் மகனை ‘வாடா’ என்கிறாள். மகன் தாயை ‘வா’ என்கிறான். அங்கே அது அன்பு. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் மனுவோடு நிற்கும் முதியவரை ‘நீ’ என்று அழைக்கலாம், ஆனால் முதியவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் குற்றமாகும் என்னும் நிலை இருப்பின், அங்கே ஒருமை அவமதிப்பு. எதிர்ச்சொல் கூறும் உரிமை ஒருவர்க்கு மட்டும் மறுக்கப்படும்போதுதான் சொல் காயமாகிறது.

ஒருவழிச் சொல்

இந்த ஒருவழிச் சொல்லின் கொடுமையைத் தமிழகச் சிற்றூர்கள் நெடுங்காலம் கண்டுள்ளன. நரைத்த தலையுடைய உழைப்பாளியை, ஆதிக்கச் சாதியில் பிறந்த சிறுவன் பெயர்சொல்லி ‘வாடா’ என்பான். அம்முதியவர் அச்சிறுவனைப் பணிவுச் சொற்களால் அழைக்கவேண்டும். வயதுக்கு மதிப்பளிப்பதாகப் பெருமை கொள்ளும் பண்பாட்டில், சாதி வயதையும் வென்று நின்றது. வயலில் கிடைத்த கூலியைப் போலவே, காதில் விழுந்த சொல்லும் ஒருவரின் இடம் எது என்பதை நாள்தோறும் நினைவூட்டியது.

தந்தை பெரியார் 1925ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்திற்குச் சுயமரியாதை இயக்கம் என்று பெயர் அமைந்தது இப்பின்னணியில் எண்ணத்தக்கது. வயதில் மிக இளையோரையும் அவர் பன்மையிலேயே அழைத்தார் என்பதை அவரோடு பழகியோர் பதிவுசெய்துள்ளனர். 1967இல் பேரறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, பெயருக்கு முன் ‘திரு’, ‘திருமதி’, ‘செல்வி’ எனும் அடைமொழிகளை வழக்கிற்குக் கொண்டுவந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்படும் மனுவில் நிலமுடையவரும் நிலமற்றவரும் ஒன்றுபோல் ‘திரு’ ஆயினர்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர் இதற்கு எதிர்வழியில் சமத்துவம் தேடினர். உயர்ந்தோரைப் பன்மையாலும் தாழ்ந்தோரை ஒருமையாலும் அழைத்த அக்கால ஆங்கில வழக்கை மறுத்து, நீதிபதி உட்பட அனைவரையும் ஒருமையிலேயே அழைத்தனர். அதனால் பலரின் சினத்திற்கும் ஆளாயினர். அவர்கள் ஒருமையை அனைவர்க்கும் பொதுவாக்கினர். தமிழகத்தின் சுயமரியாதை மரபு பன்மையை அனைவர்க்கும் பொதுவாக்க முயன்றது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

அவையும் சட்டமும்

அவையில் சொல்லத்தகாத சொற்களைத் தொல்காப்பியம் ‘அவையல் கிளவி’ என்கிறது. அவற்றை மறைத்துச் சொல்லுதலே முறை என்றும் வகுக்கிறது. இன்றைய சட்டமன்றத்திலும் அந்நெறி தொடர்கிறது. உறுப்பினர்கள் ‘மாண்புமிகு’ என்னும் அடைமொழியால் சுட்டப்படுகின்றனர். தகாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் பேரவைத் தலைவர்க்கு உண்டு. 2021ஆம் ஆண்டில் கீழ்பென்னாத்தூர்த் தொகுதியின் உறுப்பினரே பேரவைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் நாகரிகம் காக்கும் பொறுப்பில் இத்தொகுதிக்கும் பங்கு வாய்த்தது.

அவைக்கு வெளியே நிற்கும் எளியவர்க்கும் சொல்லால் காயம்படாத உரிமை வேண்டும். தனிமனித மாண்பை உறுதிசெய்தல் இந்திய அரசமைப்பின் முகப்புரை கூறும் நோக்கங்களுள் ஒன்று. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. காவலர்கள் பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என அழைப்பதைத் தவிர்க்கவேண்டும் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2021இல் அறிவுறுத்தியது. ஈரெழுத்துச் சொல்லும் ஓரெழுத்துச் சொல்லும் நீதிமன்றத்தின் கவனத்தைப் பெற்றமை, சொல்லின் வலிமைக்குச் சான்றாகும்.

சட்டம் சில சொற்களைத் தடுக்கலாம். குரலின் தொனியையும் பார்வையின் ஏளனத்தையும் அதனால் முழுவதும் தடுக்க இயலாது. ‘நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டே ஒருவரை நிற்கவைத்து அவமதிப்பதும் நிகழக்கூடும். திருக்குறள் ‘இனியவை கூறல்’ என ஓர் அதிகாரமும் ‘பண்புடைமை’ என ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தது இங்கு நினைக்கத்தக்கது. சொல்லும் பண்பும் இணைந்து அமைதல் வேண்டும். பேருந்து நடத்துநர், துப்புரவுப் பணியாளர், உணவகத்தில் மேசை துடைக்கும் சிறுவன் ஆகியோரிடம் பேசும்போது, அவர் திருப்பிச் சொன்னால் ஏற்கத்தக்க சொல்லையே தேர்ந்தெடுப்பவர் மரியாதையை அறிந்தவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ‘வா’ என்னும் ஏவல் எத்தனை வடிவங்களில் வழங்குகிறது? யார், யாரிடம் கூறுவது என்னும் குறிப்புடன் அட்டவணைப்படுத்துக.
2. உவப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் வரும் வழுவமைதிக்கு அன்றாடப் பேச்சிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.
3. ‘மரியாதையை அளக்கும் அளவுகோல் சொல்லின் வடிவமா, திருப்பிச் சொல்லும் உரிமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.