கொல்கத்தா மண்ணுக்கு அடியில்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

வேலை நிமித்தமாகக் கொல்கத்தா போகப்போவதாகவும், ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலில் ஏறிப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வி: நாட்டிலேயே முதலில் மெட்ரோ கண்ட ஊர், டெல்லிக்குப் பின்னால் போனது ஏன்? அரசியல், மெத்தனம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊரின் மண்ணையும் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு.

ஆற்றுக்கு அடியில் ரயில் என்பது நேற்று தோன்றிய யோசனை அல்ல. லண்டனில் சுரங்க ரயில்கள் கட்டிய பொறியாளர் ஹார்லி டால்ரிம்பிள் ஹே, ஹவுராவையும் கல்கத்தாவையும் ஆற்றடியில் இணைக்க 1921லேயே திட்டம் தந்தார். பணம் இல்லை, திட்டம் கிடப்பில் போனது. பிறகு அவரே மின்கம்பிகள் கடந்துபோக ஒரு சிறிய சுரங்கத்தை ஹூக்ளிக்கு அடியில் வடிவமைத்தார். மின்சாரம் கடந்த அந்த ஆற்றடியை மனிதர்கள் ரயிலில் கடக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்து ஆராயச் சொன்னார். அதுவும் நகரவில்லை. ஆனால் நெரிசல் நகரை நெருக்கிக்கொண்டே இருந்தது. கொல்கத்தாவின் பரப்பில் சாலைகளுக்கு இருந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்குதான். அந்தச் சாலைகளில் டிராம், பேருந்து, கைரிக்‌ஷா, மாட்டுவண்டி எல்லாம் போக வேண்டும். அகலப்படுத்த இடமில்லை என்னும்போது கீழே இறங்குவதுதான் வழி. சோவியத் நிபுணர்களின் துணையோடு 1971ல் பெருந்திட்டம் உருவானது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான சுமார் 16 கிலோமீட்டருக்கு முதலிடம் கொடுத்தார்கள். 1972 டிசம்பர் 29ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அப்புறம்தான் பாடு. அது கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். சாலையின் இரு ஓரங்களிலும் ஆழமான, ஒடுங்கிய பள்ளம் எடுத்து, அது சரிந்துவிடாமல் களிமண் கரைசலை நிரப்பி, அதற்குள் கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பினார்கள். இரு சுவர்களுக்கும் நடுவே மண்ணை அள்ளி, எஃகு உத்தரங்களைக் குறுக்கே முட்டுக்கொடுத்து, உள்ளே பாதையைக் கட்டி, மேலே மண் போட்டு மூடி, மறுபடி சாலை போட்டார்கள். இத்தனையும் ஊர் நடுவில், வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது! குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, எதற்கும் முழுமையான வரைபடம் கிடையாது. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையே மட்டும் மேலிருந்து வெட்ட முடியாமல், அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரைத் தடுத்துக்கொண்டு சுரங்கம் குடைந்தார்கள்.

நிதி ஒழுங்காக வரவில்லை. நீதிமன்றத் தடைகள் வேறு. ஆண்டுக்கணக்கில் திறந்து கிடந்த பள்ளங்களின் ஓரமாகவே கடைக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த மக்களின் பொறுமையை யாரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம்.

1984 அக்டோபர் 24ல் எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டரில் முதல் ரயில் ஓடியது. முழுப் பாதையும் முடிந்தது 1995ல். ஓடிய பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானவை. அந்தப் பழைய, குளிர்சாதனம் இல்லாத பெட்டிகள் 2021ல்தான் ஓய்வு பெற்றன.

இப்போது உங்கள் டெல்லிக் கேள்வி. 1970களின் முதற்பாதியில் கொல்கத்தா மெட்ரோவின் திட்டமிடலையும் வடிவமைப்பையும் கவனித்த பொறியாளர்களில் ஒருவர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். டெல்லிக்குத் தனி நிறுவனம், தன் முடிவைத் தானே எடுக்கும் அதிகாரம், தடையில்லாத நிதி, எல்லாம் கிடைத்தன. இவற்றில் எதுவும் கொல்கத்தாவின் முதல் பாதைக்குக் கிடைக்கவில்லை. அங்கே மெட்ரோ இன்றும் இந்திய ரயில்வேயின் ஒரு மண்டலம். முதலில் போனவர் முள்ளை மிதித்தார். பின்னால் வந்தவர் பாதையைக் கண்டார். டெல்லியைப் பாராட்டும்போது கொல்கத்தாவை இளக்காரமாகப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் ஆற்றுக்கு அடியில் போகும் இரண்டாவது பாதையின் கதையை வெறும் சாதனையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017ல் இரண்டு துளையிடும் இயந்திரங்கள் ஹூக்ளியின் படுகைக்கு அடியில் 520 மீட்டரைக் கடந்தன. நீர் கசியாதபடி வளையம் வளையமாகக் கான்கிரீட் துண்டுகளைப் பொருத்திக்கொண்டே போன அந்த வேலை உண்மையிலேயே பெரிது. ஆற்றைக் கடந்தாயிற்று, இனி எளிது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2019 ஆகஸ்ட் 31 இரவு, பௌபஜார் பகுதியில் இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைத் துளைத்துவிட்டது. நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே நிலம் உள்வாங்கியது. துர்கா பிதுரி சந்திலும் சியாக்ராபாரா சந்திலும் பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். நகைப் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. வீட்டோடு பிழைப்பும் போனது. 2022ல் மே மாதமும் அக்டோபரிலும் மறுபடி விரிசல்கள். பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்தன. நூறாண்டு தாண்டிய செங்கல் வீடுகள், கீழே நீர் ஊறும் மண். இப்படிப்பட்ட இடத்தில் இன்னும் நெருக்கமாக மண்ணைச் சோதித்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஹவுரா மைதானம் முதல் எஸ்பிளனேடு வரை ஆற்றடிப் பாதை 2024 மார்ச்சில் திறந்தது. பௌபஜாருக்கு அடியில் போகும் பகுதி 2025 ஆகஸ்டில் திறந்து, ஹவுராவும் சியால்தாவும் இணைந்தன. இரு பெரிய ரயில் நிலையங்களுக்கு இடையே நெரிசலில் தவித்த பயணம் இப்போது கால் மணி நேரம்கூட ஆவதில்லை. நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள், முப்பது மீட்டர் ஆழத்தில் ஹவுரா நிலையம், எல்லாம் பார்க்க வேண்டியவை.

நீங்கள் போகும்போது எஸ்பிளனேடில் இறங்கிப் பழைய பாதைக்கும் மாறிப் பாருங்கள். அதன் நிலையங்களின் தாழ்ந்த கூரையில் அந்தக் காலத்து உழைப்பு தெரியும். நேரம் இருந்தால் பௌபஜார் சந்துகளில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே இடம்பெயர்ந்த கடைசிக் குடும்பமும் சொந்த வீட்டுக்குத் திரும்பும்வரை இந்தத் திட்டம் முடிந்ததாக நான் எண்ண மாட்டேன். போய்வந்த பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.