மடிக்கணினியை விரல்களால் தெரிவு செய்வோம்

மண்வெட்டி வாங்கப் போகிறவர் அதன் பிடியைத் தன் கையால் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ஆனால் பார்வை இழந்த பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கும்போது, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பார்வையுள்ள நாமே கடைக்குப் போகின்றோம். திரை பெரிதா, வேகம் போதுமா, விலை குறையுமா என்று கேட்டுவிட்டுப் பெட்டியோடு திரும்புகின்றோம்.

நாமும் இத்தவறைச் செய்தவர்களே. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த விழிப்புலனற்ற மாணவி ஒருவருக்கு, சிலரிடம் பணம் சேர்த்து மெல்லியதோர் அழகான கணினியை வாங்கிக் கொடுத்தோம். அதை இயக்கும் பொத்தான் விசைப்பலகையின் மேல் வலது மூலையில், எழுத்தை அழிக்கும் டிலீட் விசையை ஒட்டியே இருந்தது. மேலும் கீழும் செல்லும் அம்புக்குறி விசைகள் இரண்டும் ஒரு விசையின் இடத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தன. எழுத்தைத் திருத்தப் போகும் விரல் பொத்தானில் பட, கணினி உறங்கிவிடும். பேச்சு நின்றால் என்ன நடந்தது என்று அவர் எப்படி அறிவார்? இரண்டு மாதத்தில் கணினி அலுமாரிக்குள் போய்விட்டது. "எனக்குத்தான் கொம்பியூட்டர் வராது போல" என்று அவர் சொன்னார். குறை தன்னுடையது என்றே அந்தப் பிள்ளை நினைத்திருந்தார். அது எமக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். ஜோஸ் என்பது விலை கொடுத்து வாங்குவது. என்.வி.டி.ஏ. இலவசமானது, அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்பவர் 2006 ஆம் ஆண்டில் தொடங்கினார். அவரும் பார்வையற்றவரே. அதனுடன் வரும் குரல்களில் தமிழும் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆயினும் பழகினால் விளங்கும். இவற்றைப் பாவிப்பவர் சுட்டியை, அதாவது மவுஸைத் தொடுவது அரிது. வாசிக்கவும், எழுதவும், பின்னோக்கிப் போகவும், பேச்சை நிறுத்தவும் எல்லாமே விசைப்பலகையால்தான். பார்வையுள்ள எமக்கு அது பேனா மட்டுமே. அவருக்கோ பேனாவும் கண்ணும் அதுவே.

முதலில் வலப்பக்கத்தில் எண் விசைகள் தனியாக உண்டா என்று பாருங்கள். என்.வி.டி.ஏ. இல் 7, 8, 9 ஆகியவை முந்திய வரி, இந்த வரி, அடுத்த வரி என வாசிக்கும். 4, 5, 6 சொல் சொல்லாகவும், 1, 2, 3 எழுத்தெழுத்தாகவும் வாசிக்கும். ஒரு கையாலேயே பக்கம் முழுவதையும் தடவிப் படிப்பது போன்ற வசதி இது. 15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் இவ்வெண் விசைகள் உண்டு. 14 அங்குலத்தில் பெரும்பாலும் இல்லை. இல்லையென்றாலும் கைவிட வேண்டியதில்லை. மடிக்கணினிக்கென வேறு விசை ஒழுங்கும் என்.வி.டி.ஏ. இல் இருக்கிறது. அதில் இன்சேர்ட் விசைக்குப் பதிலாகக் கேப்ஸ் லொக்கைப் பாவிக்கலாம். தனி எண் விசைப்பலகையை யூ.எஸ்.பி. வழியாகப் பின்னர் பொருத்தவும் முடியும்.

அடுத்தது மேல்வரிசை. எஃப் 1 முதல் எஃப் 12 வரையான விசைகள் நான்கு நான்காகப் பிரிந்து, இடையில் இடைவெளி இருப்பது நல்லது, விரல் எண்ணிக்கொள்ளும். சில கணினிகளில் இவை விசைகளே அல்ல, தொடுகின்ற கண்ணாடிப் பட்டை. அப்பிள் நிறுவனம் 2016 இல் இவ்வாறு செய்து எஸ்கேப் விசையையும் அப்பட்டைக்குள் கொண்டுபோனது. 2019 இல் எஸ்கேப்பைத் தனி விசையாக மீண்டும் கொடுத்து, 2023 இல் பட்டையை முற்றாகக் கைவிட்டது. தடவி அறிய முடியாத விசை எமது பிள்ளைக்கு இல்லாத விசைதான்.

ஹோம், என்ட், பேஜ் அப், பேஜ் டவுன் ஆகியவை தனி விசைகளாக உள்ளனவா, அல்லது எஃப்.என். விசையோடு அம்புக்குறியைச் சேர்த்து அழுத்த வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். திங்க்பாட் வகையில் பல்லாண்டுகளாக இடது கீழ் மூலையில் எஃப்.என். இருந்தது, மற்றவற்றில் அங்கே இருப்பது கொன்ட்ரோல். பேச்சை நிறுத்துவது கொன்ட்ரோல் என்பதால் இந்த மாற்றம் தடுமாற வைக்கும். 2024 முதல் வரும் கணினிகள் பலவற்றில் கோபைலட் என்றொரு விசை, வலது கொன்ட்ரோல் அல்லது மெனு விசையின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மெனுவுக்கு ஷிஃப்டையும் எஃப் 10 ஐயும் சேர்த்து அழுத்தலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடுகளை அந்த ஒட்டுத்தாள் மறைத்துவிடும். தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. ஜே மேட்டின் மேல் இருப்பது 'ப'. அந்த மேடுகளே வழிகாட்டி.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள், இது கட்டாயம். விண்டோஸ் கணினி முன் உட்கார வைத்து, கொன்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். கணினியிலேயே உள்ள நரேற்றர் பேசத் தொடங்கும். பின்பு கேப்ஸ் லொக்கைப் பிடித்துக்கொண்டு 1 ஐ அழுத்தினால், தொடும் விசைகளின் பெயரை அது சொல்லும். பிள்ளை ஆறுதலாகத் தடவிப் பார்க்கட்டும். எஃப் 5 ஐத் தொட்டதும் 'எஃப் 5' என்று சொல்லாமல் ஒலியோ வெளிச்சமோ கூடிக் குறைந்தால், மேல்வரிசை வேறு வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றும் இடம் சில கணினிகளில் விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையில்தான் உள்ளது. அங்கே திரைவாசிப்பான் பேசாது. ஆகவே கடைக்காரரைக் கொண்டே மாற்றுவித்த பின் பணம் கொடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். அரைமணி நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. என்.வி.டி.ஏ. ஐப் பென் ட்ரைவில் கொண்டுபோயும் இயக்கிப் பார்க்கலாம்.

பாவித்த கணினி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபரில் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அலுமாரிக்குள் போன அந்தக் கணினியைப் பிறகு வெளியே எடுத்தோம். இயக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்யாதபடி விண்டோஸ் அமைப்பில் மாற்றினோம். எண் விசைகளோடு கூடிய சாதாரண விசைப்பலகை ஒன்றை வாங்கி யூ.எஸ்.பி. இல் பொருத்தினோம். இம்முறை அந்த மாணவியும் கடைக்கு வந்தார். ஐந்து விசைப்பலகைகளைத் தடவிப் பார்த்து, அவற்றுள் மிகவும் மலிவானதையே அவர் தெரிவு செய்தார்.