சிமெண்டுக் களம் மாவு விடுகிறதா?

களத்தில் காயும் நெல்லை வாரும்போது மணியோடு வெண்ணிற மாவும் சேர்ந்து வருகிறதா? களத்தின் மேற்பரப்பு தேய்கிறது என்று பொருள். நாளடைவில் மணலும் பெயர்ந்து நெல்லில் கலக்கும். விற்குமிடத்தில் விலை குறையும். களத்தைப் பெயர்த்துப் போடுமுன் சோடியம் சிலிகேட் கரைசலைப் பூசிப் பார்க்கலாம்.

சோப்புத் தயாரிப்பில் சேர்க்கும் பாகு போன்ற திரவந்தான் இது. சிமெண்டு இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும். உள்ளே இறங்கும் சிலிகேட் அச்சுண்ணாம்புடன் கூடி, சிமெண்டைக் கெட்டிப்படுத்தும் அதே வகைப் பொருளாக மாறித் துளைகளை அடைக்கிறது. பெயிண்டைப் போல மேலே படலமாக நிற்பதில்லை, ஆகவே உரிவதுமில்லை.

முதலில் ஒரு கை நீரைத் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் கரைசலும் இறங்கும். முத்துமுத்தாக நின்றால் எண்ணெய்க் கறையோ பழைய பூச்சோ தடுக்கிறது; அதைத் தேய்த்துக் கழுவி நீக்க வேண்டும். ஆணியால் கீறினாலே பொலபொலவென்று உதிரும் களத்திற்கு எந்த மருந்தும் உதவாது.

புதுக் களமானால் 28 நாட்கள் பொறுக்க வேண்டும். களத்தைக் கழுவி நன்கு உலரவிட்டு, ஒரு பங்கு சிலிகேட்டுடன் நான்கு பங்கு நீர் கலந்து, வெயில் தாழ்ந்த பின் துடைப்பத்தால் சீராகப் பரப்புங்கள். ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை பூசலாம். குழிகளில் தேங்கியதை அப்போதைக்கப்போது துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வெள்ளைத் திட்டாகிவிடும். கரைசல் காரத்தன்மை உள்ளது. கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். கடைசிப் பூச்சு உலர்ந்ததும் களத்தைக் கழுவிக் காயவிட்ட பிறகே நெல் கொட்டலாம்.

வெடிப்புகளை இக்கரைசல் மூடாது. அவற்றை முன்னதாகவே சிமெண்டுக் கலவையால் அடைத்துவிடுங்கள். ஒழுகும் தொட்டிக்கும் இது மருந்தல்ல. ஊறுகாய்ப்புல் குழியில் ஊறும் அமிலம் இதையும் அரிக்கும். நெல் மூட்டை அடுக்கும் அறையில் பூசினாலும் தரையடி ஈரம் முற்றிலும் நிற்காது. மரச்சட்டங்களின் மேல்தான் மூட்டைகளை அடுக்க வேண்டும்.

களங்கள் மாவு விடுவதற்குப் பெரும்பாலும் காரணம், வேலை எளிதாக ஓடட்டும் என்று கலவையில் நீரைக் கூட்டுவதும், போட்ட பின் நீர் கட்டாமல் காயவிடுவதுமே. புதுக் களம் போடுவோர் கொத்தனாரின் அருகிலேயே நின்று நீரின் அளவைக் கவனியுங்கள். பிறகு பாத்தி கட்டிப் பத்து நாட்களாவது ஈரம் காயாமல் வையுங்கள். அப்படிப் போட்ட களத்திற்குச் சிலிகேட் வாங்கும் செலவே தேவைப்படாமல் போகலாம்.