இமைக்கும் கண்ணாடி

1792இல் பிறந்த கல்கத்தா கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் நம் பாலிகஞ்சில்தான் இருக்கிறது. அங்கே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால், மட்டைக்காரருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை வினாடியே. அதற்குள் பந்தின் வழியை மனம் ஊகித்தாக வேண்டும்.

இவ்வூகத்தைப் பழக்குவதே ஸ்ட்ரோப் கண்ணாடியின் நோக்கம். அதன் திரவப்படிக வில்லை பத்திலொரு வினாடி தெளிந்திருந்து, உடனே மங்கிவிடும். பயிற்சி முதிர முதிர மங்கும் நேரம் நீளும். பந்தைத் துண்டு துண்டாகக் காண்பவர், இடைவெளியை மனத்தால் நிரப்பப் பழகுகிறார் என்பது கருத்து.

2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், நடுப்பார்வையில் அசைவுணரும் திறன் கூடிற்று, ஓரப்பார்வையில் கூடவில்லை. 2013இல் பனி ஹாக்கி வீரர்களிடம் நடந்த சோதனையும் நன்மை காட்டிற்று. ஆனால் அதில் கலந்துகொண்டோர் பதினொருவரே! அதைக்கொண்டு எல்லா ஆட்டங்களுக்கும் தீர்ப்பு எழுதலாமா?

மினுக்கும் ஒளி சிலருக்குக் காக்காய்வலிப்பைத் தூண்டும். அந்நோயுள்ள மாணவர் இதை அணியலாகாது.