ஜெபல் ஷம்ஸ்: பள்ளத்தைவிட இறக்கம் பொல்லாதது

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் ஜெபல் ஷம்ஸ் போய்வந்திருப்பார்கள். கேட்டால், பள்ளத்தாக்கின் ஓரத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டுவார்கள். படம் எடுத்த இடம் வண்டி போகும் இடம். உச்சி அங்கிருந்து இன்னும் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் மேலே இருக்கிறது.

குளிர்காலம் வந்துவிட்டால் மஸ்கட்டின் ரூவியிலிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பி அந்த உச்சிக்கு ஏறுவது எங்களுக்கு வழக்கம். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, அங்க விழுந்துகிழுந்து வைக்க மாட்டோமே?" என்றுதான். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதாலேயே கால் தானாக அடக்கமாகிவிடும். இந்த மலையில் ஆளைப் படுத்துவது தண்ணீரும் நேரமும் இறக்கமும்தான் என்பது என் கட்சி.

ஹஜர் மலைத்தொடரில் இருக்கும் இதுதான் ஓமானிலேயே உயரமான மலை. வட உச்சி ராணுவத்தின் வசம். வேலிக்கு அந்தப் பக்கம் ரேடார் கூண்டு தெரியும். அதை நோக்கி கேமராவைத் தூக்க வேண்டாம். நாம் ஏறக்கூடியது 2,997 மீட்டர் உயரமுள்ள தென் உச்சி. நம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆனால் ஆனைமுடியில் இருக்கும் புல்லும் ஓடையும் இங்கே கிடையாது. பாறை இடுக்குகளில் விராலிச் செடி, காட்டு ஒலிவ மரம், இன்னும் மேலே போனால் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிப்பர் மரங்கள், அவ்வளவுதான் பச்சை.

வியாழன் மாலை வேலை முடிந்ததும் கிளம்பி, நிஸ்வா தாண்டி, அல் ஹம்ரா பக்கம் திரும்பி, இரவோடு மேட்டுநிலத்தை அடைந்து அங்கேயே கூடாரம் போட்டுவிடுங்கள். காலையில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு அன்றே ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கடல் மட்டத்தில் குடியிருக்கும் உடம்பு அது. 3,000 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கீழே இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். ஒரு ராத்திரி 2,000 மீட்டரில் தூங்கி எழுந்தவனுக்கும் நேரே காரிலிருந்து இறங்கியவனுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். இரவுக் குளிர் ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வளைகுடாதானே என்று மெல்லிய போர்வையோடு வந்தால் விடிய விடிய கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உச்சிக்குப் போகும் பாதைக்கு டபிள்யூ 4 என்று பெயர். போகவரச் சுமார் 20 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர்களுக்கு 10 மணி நேரம், கூடவும் ஆகலாம். டிசம்பர், ஜனவரியில் பகல் வெளிச்சமே பத்தரை மணி நேரத்துக்குமேல் அதிகம் இல்லை. கணக்கைப் பாருங்கள்: வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் திரும்பும்போது இருட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும். நாங்கள் ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவோம். பகல் 12 மணிக்கு எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்து திரும்ப வேண்டும். உச்சி கண்ணில் பட்டாலும் சரி. இந்த விதியைக் காரிலேயே பேசி முடிவுசெய்துவிடுங்கள். மேலே போய்ப் பேசினால் எடுபடாது. மேலே போனதும் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "இன்னும் அரை மணி நேரம்தானே!" ஒரு முகடு ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும் மலை இது. அந்த அரை மணி நேரத்தை நம்பக் கூடாது.

எங்கள் கூட்டத்தில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ட்ரெய்லர் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். இப்படி ஒரு தடவை அடம்பிடித்த தூத்துக்குடிப் பையனிடம் அவர் வாதாடவில்லை. பையனுடைய பையைத் திறந்து பாட்டில்களை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "தம்பி, இதுல முக்கா லிட்டர்கூட இல்ல. வீட்டுக்குப் போற வழிக்கு என்ன குடிப்ப?" அத்தோடு பேச்சு முடிந்தது.

அவர் சொன்னதுதான் தண்ணீர்க் கணக்கு. பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி, அடிவார ஊர்களில் ஊற்றாகி, ஃபலஜ் வாய்க்காலில் பேரீச்சந் தோப்புக்குப் போய்விடுகிறது. மலைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஆளுக்கு நாலைந்து லிட்டர் சுமக்க வேண்டும். பாதிக்குமேல் குடிப்பதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு: காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை தோலில் தெரிவதற்குள் ஆவியாகிவிடும், தாகமும் எடுக்காது. தாகத்துக்காகக் காத்திருக்காமல் குடியுங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் போதும். அந்த உப்பு உடம்புக்கு வேண்டும். நடக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள பேரீச்சம்பழம்.

வழி தவறாமலிருக்கப் பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை தீட்டியிருக்கிறார்கள். பார்க்காமல் பத்து நிமிடம் போயிருந்தால் நின்று, கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்கே திரும்புங்கள். ஆட்டுத் தடங்களும் பாதை மாதிரியேதான் இருக்கும்; ஆடு போகிற இடத்துக்கெல்லாம் நாம் போக முடியாது. ஏறும்போதே அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வதும் நல்லது. இறங்கும்போது அதே மலை வேறு முகம் காட்டும்.

இந்தப் பாறையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. சிப்பி, நத்தை பதிந்த துண்டுகள் காலடியிலேயே கிடக்கும். மழை அதைக் கரைத்துக் கரைத்து மேற்பரப்பைச் சீப்புப் பற்களாக்கி வைத்திருக்கிறது. தடுமாறி வெறுங்கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். ஐந்து ரியால் ஓட்டக் காலணி ஒரே நாளில் அடி பிளந்துவிடும். தடித்த அடியுள்ள காலணியும், சாதாரணத் தோட்ட வேலைக் கையுறையும் கொண்டுபோனால் போதும்.

மேலே போகப் போகப் பாதை வடக்கு விளிம்பை நெருங்கும். அந்தப் பக்கம் மலை சுவராக இறங்கி வாதி சஹ்தான் பள்ளத்தாக்கில் முடிகிறது. அங்கே மட்டும் மலை உண்மையிலேயே வாயடைக்க வைக்கும். விளிம்புப் பலகைப் பாறைகள் பலவற்றுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. மேலே நிற்பவருக்கு அது தெரியாது. எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் பையைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே வயிறு படியப் படுத்துத் தலையை மட்டும் நீட்டுங்கள். வெயில் ஏறியதும் சூடான சுவரையொட்டிக் காற்று கீழிருந்து மேலே வரும். முகத்தில் நேராக மோதும், தொப்பியை மேல்நோக்கிப் பறித்துக்கொண்டு போகும். அந்தக் காற்றில்தான் மஞ்சள்முகப் பாறுகள் சிறகடிக்காமல் வட்டமிடுகின்றன. முன்பு திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து பிரசாதம் வாங்கித் தின்ற அதே இனம். நாம் பார்ப்பது அவற்றின் முதுகை.

இனி இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கினால் மனிதன் நின்றுவிடுவான். இறங்கும்போது நிற்கச் சொல்ல எதுவுமில்லை. உருளும் சிறு கற்கள்மேல் முழங்கால் நடுங்க, மனம் மட்டும் கார்வரை போய்விட்டிருக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் பாதை எளிதாகிவிட்ட அந்தக் கடைசி நீட்டத்தில்தான். ஏறும் முன் காலணிக் கயிற்றைத் தளர்வாகக் கட்டியிருந்தால், இறங்கும் முன் கணுக்காலோடு சேர்த்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். ஒருமணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் எல்லோரும் உட்கார வேண்டும், களைக்காதவரும். யாராவது கால் பிசகிவிட்டால் அழைக்க வேண்டிய எண் 9999. ஆனால் மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. ஆகவே தனியாகப் போவதும், எப்போது திரும்புவோம் என்று கீழே யாரிடமும் சொல்லாமல் போவதும் வேண்டவே வேண்டாம்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் உச்சியைச் சொல்வதில்லை. அல் கிதைம் ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் பாதிச் சுவரில் போகும் டபிள்யூ 6 பாதை இருக்கிறது. அதிகம் ஏற்ற இறக்கமில்லாத நான்கு கிலோமீட்டர் நடந்தால், பாறைக்கூரைக்கு அடியில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய ஊரும் அதன் அடுக்கு வயல்களும் வரும். இங்கே விளிம்பு நிஜமாகவே பக்கத்தில் இருப்பதால் சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் ஆட்டுமயிர்ச் சாவிக்கொத்துகளை நீட்டிக்கொண்டு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவார்கள். 20 ரியால் நோட்டை நீட்டினால் அவர்களிடம் சில்லறை இருக்காது. அரை ரியால், ஒரு ரியால் நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசாதீர்கள்.