அன்னாசியின் சொந்தக்காரச் செடி

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கே மாடி வீட்டுப் பூச்சாடிகளில் அன்னாசி மாதிரி இலையும் நடுவில் சிவந்த பூவுமாக ஒரு செடியைக் காணலாம். பெயர் புரோமிலியாட். அன்னாசியும் இதே குடும்பம்தான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

இதனால் என்ன நன்மை? அன்னாசி பழம் தருகிறது. இலையில் நார் எடுக்கலாம். சரிவில் குறுக்கு வரிசையாக நட்டால் மண் கழுவிப் போவது குறையும். பல புரோமிலியாட் செடிகளில் இலைகள் கிண்ணம்போலச் சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைக்கும். சொந்தக் காட்டிலே அந்த நீரில் தவளைகூடக் குஞ்சு வளர்க்கும்.

கொழும்பிலோ அதே கிண்ணத்தில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள்.

"சின்னச் செடிதானே, என்ன செய்யும்?" என்று விட்டுவிடாதீங்க. செடியை வெட்டவும் வேண்டாம். கிழமைக்கு இரண்டு தடவை இலை நடுவில் உள்ள நீரைக் கவிழ்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினால் போதும்.

பிள்ளையோடு போனில் பேசும்போது இதைச் சொல்லுங்க. காய்ச்சல் என்றால் அஸ்பிரின் போடாமல், ஊருக்கு பஸ் ஏறாமல், உடனே அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க.